அவள் மேசையில் என்ன இருக்கிறது?

“உங்க பொண்ணு ரொம்ப சமத்துங்க. ஒரு தொந்தரவும் இல்ல. எல்லாருக்கும் அவளப் பிடிக்கும்.”

பெற்றோர் சந்திப்பில் இப்படி ஒரு பாராட்டு கிடைத்தால் மற்ற அம்மாக்கள் சந்தோஷமாக வீடு திரும்புவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் என்னுடைய அடுத்த கேள்விக்கு அங்கே பெரும்பாலும் பதில் இருக்காது. “இந்த மாசம் அறிவியல்ல அவ என்ன கத்துக்கிட்டா?” என்று கேட்டால் ஆசிரியை சற்றுத் திகைப்பார். பிறகு அவள் எவ்வளவு அன்பான பிள்ளை என்பதற்கே பேச்சு திரும்பிவிடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை வகுப்பில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாலே போதும் என்று நல்ல மனசுக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். உட்கார்ந்திருப்பதற்காக யாரும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை.

பள்ளியில் இடம் வாங்க அலைந்தது தனிக்கதை. எங்களைப் போன்ற பெற்றோர் எல்லோருக்கும் அது மனப்பாடம், அதனால் தாண்டிப் போகிறேன். இடம் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. மற்றவர்கள் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் மேசையில் என்ன இருக்கிறது? எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்கும் உள்ளடக்கிய கல்வி நடக்கிறதா இல்லையா என்பதை நான் அதை வைத்துத்தான் எடைபோடுகிறேன். வண்ணம் தீட்டும் படம் இருந்தால், நடக்கவில்லை. மற்றவர்களுக்குக் கொடுத்த அதே தாள் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தால், அப்போதும் நடக்கவில்லை.

இது என் சொந்தப் பிடிவாதம் மட்டும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. கல்வியைப் பற்றிய அதன் 24-ஆம் பிரிவை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று 2016-இல் அதன் குழு ஒரு பொதுக் கருத்துரை வெளியிட்டது. பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துவது ஒன்று, தனி இடத்தில் பிரித்து வைப்பது இன்னொன்று, சாதாரண வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு அதன் போக்குக்குப் பிள்ளையே தன்னைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று விடுவது மூன்றாவது என்று அது பிரித்துச் சொல்கிறது. பாடம், கற்பிக்கும் முறை, தேர்வு எல்லாவற்றையும் பள்ளி மாற்றிக்கொள்வது நான்காவது, அதற்குத்தான் உள்ளடக்கிய கல்வி என்று பெயர். நான் பார்த்த பள்ளிகளில் பெரும்பாலானவை மூன்றாவதைச் செய்துவிட்டு நான்காவதன் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கின்றன.

சரி, எதை மாற்ற வேண்டும்? அங்கேதான் டவுன் சிண்ட்ரோம் என்றால் என்ன என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது, அதை 1959-இல் பிரான்சில் கண்டறிந்து வெளியிட்டார்கள் என்ற தகவலால் வகுப்பறையில் ஒரு பயனும் கிடையாது. அந்தக் கூடுதல் குரோமோசோம் காதில், கண்ணில், விரலில், நினைவில் என்ன செய்கிறது என்பதுதான் வேண்டும்.

காதிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் குழந்தைகளுக்குக் காதின் உட்பாதைகள் குறுகலாக இருக்கும். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், சளி பிடித்தால் அடுத்த வாரம் பாதிதான் கேட்கும். “நேத்து சொன்னது இன்னைக்கு மறந்துபோச்சு” என்று ஆசிரியர் எழுதி அனுப்பும் நாட்களில் நான் முதலில் சந்தேகப்படுவது நினைவாற்றலை இல்லை, காதை. அவளை முன்வரிசையில், ஆசிரியரின் வாயசைவு தெரிகிற இடத்தில் உட்கார வைக்க வேண்டும். பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பேசக்கூடாது. இதற்குக் காசு செலவில்லை.

கண் விஷயம் எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கிட்டத்தில் இருக்கும் பொருளின் மீது பார்வையைக் குவிப்பது சிரமம் என்று பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயதானவர்கள் போடும் பைஃபோகல் கண்ணாடி இந்தச் சிறுவர்களில் பலருக்கு உதவுகிறது என்று கண்டவர்களும் அவர்களே. கண்ணாடி போட்ட பிறகும் நுண்ணிய விவரங்களும் மங்கலான கோடுகளும் அவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். இளஞ்சாம்பல் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதச் சொல்லிவிட்டு “கோட்டுக்கு மேல எழுதவே மாட்டேங்கிறா” என்று குறைப்பட்டு என்ன பயன்? எங்கள் வீட்டில் அந்த நோட்டுகளின் கோடுகள் மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் இன்னொரு கோடு போடுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. எழுத்து அந்த வாரமே கோட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்தது.

தசைகளில் தொய்வு, மூட்டுகளில் தளர்ச்சி, குட்டை விரல்கள். அதனால் எழுதுவது அவளுக்கு உடல் உழைப்பு. ஒரு பக்கத்தைப் பலகையிலிருந்து பார்த்து எழுதி முடிக்கும்போது கை ஓய்ந்துவிடும், அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று மண்டையில் ஏற இடமே இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் நினைவின் அமைப்பு. காதால் கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறன் இவர்களுக்குக் குறைவு. கண்ணால் பார்த்ததைப் பிடித்து வைத்திருப்பது அதைவிட நன்றாக வரும். “நோட்ட எடு, தேதி போடு, அறுபத்திரண்டாம் பக்கம் திற, மூணாவது கேள்விக்குப் பதில் எழுது” என்று ஒரே மூச்சில் சொன்னால் என் மகளிடம் மிஞ்சுவது கடைசித் துண்டு மட்டும்தான். அவள் பக்கத்தில் இருப்பவளை எட்டிப் பார்ப்பாள். அதைப் பார்த்து “காப்பியடிக்கிறா” என்று ஓர் ஆசிரியர் டைரியில் எழுதினார். தகவல் தொலைந்துபோனதும் கண்ணால் தேடிப் பிடிக்கும் சாமர்த்தியத்தை எந்த அலுவலகத்திலும் பாராட்டுவார்கள். அதே நான்கு கட்டளைகளை நான்கு சிறு படங்களாக மேசை ஓரத்தில் ஒட்டினால் யாரையும் எட்டிப் பார்க்காமல் அவளே செய்கிறாள்.

பேச்சு இன்னொரு பக்கம். அவளுக்குப் புரிவது ஐந்து பங்கு என்றால் வாயில் வருவது இரண்டு பங்கு. அந்த இடைவெளியைத் தெரியாதவர்கள் வாயில் வருவதை வைத்து அறிவை அளந்துவிடுகிறார்கள். கேள்வி கேட்ட பிறகு காத்திருக்கவும் பலருக்குத் தெரியவில்லை. பதில் அவளுக்குள் புறப்பட்டு வந்துகொண்டிருக்கும்போதே கேள்வியை வேறு வார்த்தைகளில் திரும்பக் கேட்பார்கள். அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள் என்று நான் எல்லா ஆசிரியர்களிடமும் கெஞ்சுவேன். பத்து எண்ணுவது வகுப்பு எடுப்பவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பது அவர்கள் முயன்று பார்க்கும்போதுதான் தெரிகிறது.

இதில் மனசுக்கு இதமான செய்தி வாசிப்பு. 1980-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஒரு தந்தை, டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் மகளுக்கு மூன்று வயதிலேயே சொல் அட்டைகளால் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததைப் பற்றி போர்ட்ஸ்மத்தில் இருந்த உளவியலாளர் சூ பக்லிக்குக் கடிதம் எழுதினார். வாசிப்பின் வழியாகத்தான் அவளுக்குப் பேச்சு வந்தது என்பது அவர் கருத்து. பக்லியின் வாழ்நாள் ஆய்வுக்கு அந்தக் கடிதம் தொடக்கமாக அமைந்தது. முதலில் பேச்சு, பிறகு எழுத்து என்ற வழக்கமான வரிசை இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்த வேண்டியதில்லை. காற்றில் கரைந்துபோகும் சொல் தாளில் நின்று காத்திருக்கிறது, அவர்கள் அதைக் கண்ணால் பிடித்து வாய்க்குக் கொண்டுவருகிறார்கள். “நான்... போனேன்... பள்ளி” என்று பேசிய என் மகள் “பள்ளிக்கு” என்று வேற்றுமையோடு சொல்லக் கற்றது அட்டையில் பார்த்துத்தான். “க்கு” மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். ஆயிரம் தடவை காதில் விழுந்தும் ஒட்டாத அந்தச் சின்ன ஒலி, கண்ணில் பட்டதும் ஒட்டிக்கொண்டது. “பேச்சே சரியா வரலையே, வாசிப்பு எதுக்குங்க இப்ப?” என்று கேட்கும் பள்ளியிலிருந்து பிள்ளையை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்றுகூடச் சொல்வேன். அவ்வளவு தூரம் இதில் எனக்கு உறுதி உண்டு.

இப்போது மேசைக்கு வருகிறேன். நீர்ச் சுழற்சிப் பாடம். வகுப்பில் மற்றவர்கள் ஆவியாதல், ஒடுங்குதல், மழைப்பொழிவு என்று இரண்டு பக்கம் படித்து ஐந்து வினாக்களுக்கு விடை எழுதுகிறார்கள். எங்களுக்கு வாய்த்த ஒரு நல்ல ஆசிரியை என்ன செய்தார் தெரியுமா? முதலில் அந்த இரண்டு பக்கத்தில் என் மகள் கட்டாயம் கொண்டுபோக வேண்டியது எது என்று முடிவு செய்தார். சூரியன் நீரைச் சூடாக்குகிறது, நீர் ஆவியாகி மேலே போகிறது, குளிர்ந்து மேகமாகி மழையாக விழுகிறது. மூன்றே வாக்கியம். அதற்குப் படங்கள், கீழே வெட்டி ஒட்ட வேண்டிய சொற்கள். மற்ற பிள்ளைகள் எழுதும்போது அவள் வரிசைப்படுத்தி ஒட்டினாள், கடைசியில் ஒரு வாக்கியத்தைத் தானே எழுதினாள். பிறகு வகுப்பு முழுக்கப் பதில் சொல்லும் நேரத்தில் “மேகத்துக்கு அப்புறம் என்ன?” என்ற கேள்வியை அவளிடம் கேட்டார். அவள் “மழை!” என்று கத்தியதற்கு யாரும் கைதட்டவில்லை. ஆசிரியை தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அந்தக் கைதட்டல் இல்லாமை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லி முடியாது.

பாடம் ஒன்று, ஆழம் வேறு. கேட்க எளிது. இதைச் செய்ய ஆசிரியர் முந்தைய நாளே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். வகுப்பு தொடங்கிய பிறகு கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தால் அது எப்போதும் வண்ணம் தீட்டும் படமாகத்தான் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு முயல் படம். அந்த முயல்களை எல்லாம் நான் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை.

யோசிக்க நேரமில்லாத பள்ளிகள் கண்டுபிடித்த குறுக்குவழி ஷேடோ டீச்சர், அதாவது ஒரே பிள்ளைக்காக வகுப்பில் பக்கத்திலேயே உட்காரும் உதவியாளர். அந்தப் பெண்களை நான் குறை சொல்லவில்லை, சொற்பச் சம்பளத்துக்குப் பொறுமையின் எல்லைவரை போகிறவர்கள். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்த நிமிடம் முதல் வகுப்பாசிரியர் என் மகளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். கேள்விகூட “அவளுக்குப் புரிஞ்சுதா?” என்று ஷேடோ டீச்சரிடம்தான் போகும். பக்கத்து இருக்கைத் தோழிகள் விலகி உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு பெரியவர் இருந்தால் எந்தப் பிள்ளை ரகசியம் பேசும்? அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஜியான்கிரேகோ தன் சகாக்களுடன் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. உதவியாளர் ஓயாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஆசிரியர் பொறுப்பைக் கைகழுவுகிறார், சக மாணவர்கள் தள்ளிப்போகிறார்கள், பிள்ளை அந்த ஒருவரையே சார்ந்துவிடுகிறது. நாங்கள் பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஷேடோ டீச்சர் வகுப்பு முழுவதற்கும் உதவுவார், தடுமாறுகிற யாரிடமும் போவார். என் மகள் கூப்பிட்டால் மட்டும் அவளிடம் வருவார். முதலில் கலவரமாகத்தான் இருந்தது. கை தூக்கிக் கூப்பிடலாம் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது, தூக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

அவள் ஒன்றும் தேவதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். “டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் எப்போதும் அன்பானவர்கள்” என்ற பேச்சு எனக்கு ஆகாது. வேலை கடினமானால் அவள் முதலில் பென்சிலைக் கீழே போடுவாள். பலிக்கவில்லை என்றால் “மிஸ், உங்க புடவை அழகு” என்பாள். அநேகமாக இந்த இரண்டாவதிலேயே மிஸ் உருகிவிடுவார், தாள் ஓரமாகப் போய்விடும். இந்தக் குழந்தைகள் கடினமான வேலையிலிருந்து நழுவத் தங்கள் சமூகத் திறமையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை எடின்பரோவில் ஜெனிஃபர் விஷார்ட் ஆய்வுகளில் பதிவுசெய்திருக்கிறார். தோல்வி பலமுறை கண்ட பிள்ளை முயற்சியைத் தவிர்ப்பதில் வல்லவராகிவிடுகிறது. திட்டினால் இது போகாது. முதல் படியைத் தவறவே முடியாதபடி எளிதாக அமைத்துக் கொடுத்து, அடுத்த படியை அதற்குச் சற்று மேலே வைத்தால்தான் போகிறது. புடவையைப் பாராட்டியதற்கு “தேங்க்ஸ், இப்ப ரெண்டாவது கேள்வி” என்று சொல்லும் மிஸ்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் அவளுக்கு மிகவும் பிடிக்கும், இது வேடிக்கை.

“இப்படிப்பட்ட பிள்ளை இருந்தா மத்தவங்க படிப்பு கெடாதா?” இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்பவர்களை மதிக்கிறேன், பலர் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கிறார்கள். உலகில் இதை ஆராய்ந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, மற்ற பிள்ளைகளின் படிப்பில் பாதிப்பு இல்லை அல்லது சிறிது நன்மை என்றே முடிந்திருக்கின்றன. படங்களோடு கட்டளைகள் ஒட்டிய பிறகு வகுப்பில் இன்னும் நாலைந்து பேர் அதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள் என்று எங்கள் ஆசிரியையே சொன்னார்.

எதிர்ப்பக்கக் கேள்வியும் உண்டு: ஸ்பெஷல் ஸ்கூலிலேயே விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமே? இரு வகைப் பள்ளிகளிலும் படித்த, டவுன் சிண்ட்ரோம் உள்ள பதின்ம வயதினரை ஒப்பிட்ட ஆய்வை பக்லியும் சகாக்களும் 2006-இல் வெளியிட்டார்கள். சாதாரணப் பள்ளியில் படித்தவர்கள் பேச்சுத் திறனில் இரண்டு ஆண்டுக்கு மேலும், எழுத்து வாசிப்பில் மூன்று ஆண்டுக்கு மேலும் முன்னே இருந்தார்கள். ஆனால் நட்பு விஷயத்தில் சாதாரணப் பள்ளிக்கு அந்த வெற்றி கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு உள்ளடக்கிய கல்வியைப் புகழ்பவர்களை நான் நம்புவதில்லை. ஐந்து வயதில் எல்லோரும் தோழிகள். பத்து வயதுக்கு மேல் பேச்சு வேகமெடுக்கிறது, கிண்டல் நுணுக்கமாகிறது. என் மகளைக் கொஞ்சுபவர்கள் உண்டு, தலையை வருடி “குட்டிப் பாப்பா” என்பவர்கள் உண்டு. சண்டை போடுகிற அளவுக்குச் சமமாக நினைப்பவர்கள் குறைவு. அதனால் வார இறுதியில் டவுன் சிண்ட்ரோம் உள்ள மற்ற பிள்ளைகளோடு நடனப் பயிற்சிக்கும் போகிறாள். அங்கே அவளுக்கு ஓர் எதிரி இருக்கிறாள். எனக்கு நிம்மதி.

எத்தனை காலமாக நடக்கும் வாக்குவாதம் இது என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1971 வரை இந்தக் குழந்தைகளில் பலர் “பள்ளிக் கல்விக்குத் தகுதியற்றோர்” என்று சட்டப்படியே வகைப்படுத்தப்பட்டுச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் இருந்தார்கள். அமெரிக்காவில் 1975-இல்தான் எல்லா மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் பொதுக்கல்வி உரிமை சட்டமானது. இத்தாலி 1977-இல் தனி வகுப்புகளையே கலைத்தது. 1994-இல் ஸ்பெயினின் சலமான்காவில் 92 அரசுகள் கூடி, சாதாரணப் பள்ளியே எல்லோருக்குமான பள்ளி என்று பிரகடனம் செய்தன. அதே ஸ்பெயினில் பாப்லோ பினேடா டவுன் சிண்ட்ரோமோடு பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினார். அவர் பெயரை என்னிடம் சொல்லி ஆறுதல்படுத்த வருபவர்களிடம் நான் கேட்பது, என் மகள் பட்டம் வாங்கமாட்டாள் என்று தெரிந்தால் அவளுக்கு நீர்ச் சுழற்சியைச் சொல்லித்தர மாட்டீர்களா என்பதுதான்.

இப்போது எங்கள் முன்னால் இருப்பது கணக்கு. வாசிப்பில் இருக்கும் இதம் இதில் இல்லை. எண்ணுணர்வு இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பலவீனமான பக்கம். எண்ணுக்குத் தகுந்த எண்ணிக்கையில் துளையிட்ட தகடுகள், எண் கோடு என்று கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய பொருள்களைக் கொண்டு நூறு வரை வந்திருக்கிறாள். அடுத்த ஆண்டு புத்தகத்தில் வெவ்வேறு பகுதி எண்கள் கொண்ட பின்னங்களின் கூட்டல் வருகிறது. அது அவளுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. பாதி, கால், முக்கால் மூன்றும் கடிகாரத்திலும் அளவுக் குவளையிலும் கைவந்தால் போதும், மீதிக்குக் கால்குலேட்டர். புதிய கணக்கு ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. “நீங்களே முடிவு கட்டிட்டா எப்படிங்க? நான் ஒரு தடவ சொல்லிக் குடுத்துப் பாக்கறேனே” என்றார். எனக்குச் சண்டைக்குப் போகத் தோன்றவில்லை. அவள் விஷயத்தில் என்னைவிட அதிகம் எதிர்பார்த்த முதல் ஆசிரியர் அவர்.

அவர் கேட்டது வேறொன்று. இத்தனை தாள்களையும் தயார் செய்ய நேரம்? வாரத்துக்கு இத்தனை பீரியட், அது போகத் திருத்தும் நோட்டுகள். சிறப்பாசிரியர் மூன்று பள்ளிகளுக்குப் பொதுவானவர், அவர் வரும் நாளில் இவருக்கு ஒரு பீரியட்கூட ஓய்வில்லை. இருவரும் நின்றபடி வராந்தாவில் பேசிக்கொள்வதோடு சரி. அதனால் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். புதிய கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பீரியட், வகுப்பாசிரியரும் கணக்கு ஆசிரியரும் சிறப்பாசிரியரும் ஒன்றாக உட்கார. அடுத்த வாரப் பாடத்தில் அவளுக்கு எது, எவ்வளவு, எந்தத் தாளில் என்று அங்கேயே முடிவாக வேண்டும். கணக்கு ஆசிரியரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.